தீவைச் சுற்றிய பச்சை பனியன்

அத்தியாயம் 7

அரிச்சல் முனையில் சூரியன் கடலை விட்டு முழுசாக எழுவதற்குள் தமீம் மூன்று கொட்டாவி விட்டிருந்தான். திருப்பூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் விடிய விடிய வண்டி ஓட்டி வந்த ஆள். நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடமும் பல்லடம் பஸ் ஸ்டாண்டும் அவன் கண்ணுக்கு அப்போது ஒன்றாகத்தான் தெரிந்தன.

"மேடம், சூரியன் வந்தாச்சு. அட்டெண்டன்ஸ் போட்டுட்டுப் போயிரலாங்களா?"

கிருத்திகா சிரிக்கவில்லை. போனில் இருந்த படத்தையும் எதிரே தெரிந்த கடலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் இதே சிங்கத் தூண், இதே அலை, இதே வெளிச்சம். நடுவில் கிளிப்பச்சை பனியன் போட்ட ஒருவன், தீவையே கிரயம் பண்ணிவிட்டவன் மாதிரி கையை விரித்து நின்றான். ஊர் உலகத்துக்கு அது டி-ஷர்ட். திருப்பூர்க்காரர்களுக்கு எப்போதும் பனியன்தான்.

அந்தப் பச்சை பனியன்காரன் ரித்தீஷ். ஏற்றுமதி கம்பெனி முதலாளி செங்கோட்டையனின் ஒரே மகன். போன ஞாயிறு மதியம் இரண்டு பத்துக்குக் கம்பெனியின் சாம்பிள் ரூம் திறக்கப்பட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்காகத் தைத்து வைத்திருந்த, அடுத்த கோடைக்கான பதினாறு மாதிரிகள் பெட்டியோடு காணாமல் போயின. தன் டிசைனை யாரும் படம் பிடிக்கக் கூடாது என்பது பையரின் சட்டம், ஆகவே அந்த அறையில் கேமரா கிடையாது. எண் அமுக்கித் திறக்கும் பூட்டு திறந்த நேரத்தை மட்டும் பதிந்து வைத்திருந்தது. அந்த எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ரித்தீஷ். இன்னொருத்தி சாம்பிள் பிரிவைப் பன்னிரண்டு வருடமாகக் கவனிக்கும் ரைசா.

ரித்தீஷிடம் ஞாயிறு முழுக்க டிரைவர் சுரேஷோடு ராமேஸ்வரம் தீவைத் தன் சிவப்புக் காரில் சுற்றியதற்கு, காலை முதல் மாலை வரை ஐந்து படங்கள் இருந்தன. ரைசாவிடம் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை தையல் ஹாலில் இருநூறு பேர் முன்னால் அவளைத் திருடி என்று சொன்னார்கள். "வியாழக்கிழமை பத்து மணிக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா வேலையோட போயிரும், இல்லாட்டி போலீஸ்" என்றார்கள். எழுதிக் கொடுத்தால் இந்த ஊரில் எந்தக் கம்பெனி கேட்டும் அவளுக்குத் திறக்காது. ரைசா அழுது காலில் விழுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. அவள் நேராகக் கிருத்திகாவின் துப்பறியும் ஆபீஸ் மாடியேறி, "நான் எடுக்கல. எடுத்தவனக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கீங்க இருந்தீங்க?" என்று கிருத்திகா கேட்டதற்கு வந்த பதில் தமீமுக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஊட்டுல தூங்குனேன். ஆறு நாளு நின்னே வேலை பாக்கறவ, ஏழாவது நாளு தூங்கறதுக்குச் சாட்சி வெச்சுக்கிட்டாங்க தூங்குவா?"

இன்று புதன். நாளைக் காலை பத்து மணி.

ரைசாவும் கூட வந்திருந்தாள். வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தார்கள். "என் பேரு போச்சுன்னா தேடறதுக்கு நான்தான போகோணும்" என்று பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. ரித்தீஷின் படங்களைப் பார்க்க மாட்டாள். "அந்த மூஞ்சியப் பாக்கறதுக்கு நான் வரல."

"அவன் சுத்துன மாதிரியே நாமளும் சுத்தறோம்" என்றாள் கிருத்திகா. "அதே அஞ்சு எடம், அதே நேரம். ஒருநாள்ல இது முடியற காரியமான்னு மொதல்ல பாத்துரலாம்."

காப்பீட்டு கம்பெனியில் பதினோரு வருடம் பொய்க் கிளெய்ம் பிடித்தவள் அவள். எரிந்த குடோனைப் பார்க்கப் போனால் சாம்பலைப் பார்க்க மாட்டாள், பக்கத்து டீக்கடையில்தான் உட்காருவாள்.

இங்கேயும் அதுதான் நடந்தது. சங்கும் மாங்காயும் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் படத்தைக் காட்டினாள். "போன ஞாயிறு இவரைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. இந்தப் பச்சைச் சட்டைதான். ஆளு வந்து நின்னு படம் எடுத்தாக. எங்கிட்ட சங்கு வெல கேட்டுட்டு வாங்காமப் போனாக. வாங்காமப் போற ஆள மறப்பமா?"

"ஞாயிறுதானா? சனி இல்லையே?"

"சனிக்கெழம எங்க சின்னம்மா ஊட்டு விசேசம். நான் கடையே போடல."

காருக்குத் திரும்பியதும் தமீம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். "மொத ஸ்டாப்புலயே டிக்கெட் சரியா இருக்குதுங்க மேடம்." பல்லடம் ரூட்டில் எட்டு வருடம் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவன். உலகத்தில் இருக்கிற மனிதர்கள் எல்லோரும் அவனுக்கு டிக்கெட் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்று இரண்டே ஜாதி.

ரைசா கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்தாள். தையலில் பிழை கண்டால் அந்த இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அதில் ஒன்றைக் கிழித்துத் தமீமின் சட்டைக் காலரில் ஒட்டினாள்.

"என்னங்க்கா இது?"

"காலர்ல தையல் விட்டிருக்குது தம்பி. பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

இரண்டாவது இடம் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம். மூன்றாவது, மேட்டின் மேல் இருக்கும் ராமர் பாதம். நான்காவது, கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டித் தீர்த்தம். தீவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு கோடியில் நின்று ஹாரன் அடித்தால் மறு கோடியில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தமீம் அளந்தான். வெயில் மட்டும் திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர் பக்கத்தில் நிற்பது மாதிரி இருந்தது. நடுவில் மீன் சாப்பாடு சாப்பிட்டார்கள். ரைசா ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டாள். மற்ற நாளாக இருந்தால் அவளும் கடலைப் பார்த்து ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பாள். அவள் கண் கடல் பக்கம் போகவே இல்லை.

போன இடத்திலெல்லாம் கிருத்திகா ஒரே கேள்வியைக் கேட்டாள், ஏறக்குறைய ஒரே பதில் வந்தது.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் பாசிமணி விற்றவர், "செவப்புக் காரு, திருப்பூரு நம்பரு. ஞாயித்துக்கெழம வந்துச்சுல்ல" என்றார். ராமர் பாதத்தில் செருப்பைப் பார்த்துக்கொள்கிற கிழவர், "அந்தக் காரு நான் உக்கார்ற மரத்து நெழல்லதான் நின்னுச்சு" என்றார். வில்லூண்டியில் இளநீர் விற்றவர், "காரு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல போயிருச்சு" என்றார்.

"ரித்தீஷ் சொன்னதெல்லாம் நெசமாத்தான் இருக்கும்போல மேடம்" என்றான் தமீம். சொல்லும்போதே கண்ணாடியில் ரைசாவின் முகம் தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

"எங்கூட வேலை பாக்கறவங்கல்லாம் காலையிலிருந்து போன் பண்றாங்க தம்பி" என்றாள் ரைசா. "எழுதிக் குடுத்துட்டு வந்துரு, பிரச்சினை வேண்டாம்னு. நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா செய்யாததச் செஞ்சேன்னு எழுத என் கை வராது. ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அந்தத் தாள்ல என் கையெழுத்து விழுகாது."

குரல் கொஞ்சமும் உயரவில்லை.  தமீம் ரோட்டின் குறுக்கே வந்த ஆட்டைத் திட்டினான்.

மாலை ஆறு மணிக்கு ஐந்தாவது இடம், பாம்பன் பாலம். வண்டியை நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழேதான் வரிசையாக இருபது வண்டிகள் நின்றன. தமீம் இருபத்தொன்றாவதாக நிறுத்தினான். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ரித்தீஷின் கடைசிப் படத்தில் இருந்தது மாதிரியே எல்லாம் இருந்தது.

கிருத்திகா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "தமீம், காலையிலிருந்து எத்தனை பேரு ரித்தீஷப் பாத்ததாச் சொன்னாங்க?"

"எல்லாருந்தாங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தச் சங்கு விக்கற அம்மா மட்டுந்தான் ஆளப் பாத்தேன்னாங்க. மத்தவங்க எல்லாரும் என்ன சொன்னாங்க?"

தமீமின் வாய் பாதியில் நின்றது. "காரு வந்துச்சுன்னாங்க."

"காருதான் வந்துச்சு. ஆளு வந்ததா ஒருத்தரும் சொல்லல. ஆனா ஆளு இருக்கறதுக்குப் படம் இருக்குது. அந்தப் படந்தான் எனக்கு இடிக்குது." அவள் ரைசாவிடம் திரும்பினாள். "ஒரே ஒருக்காப் பாருங்க. மூஞ்சியப் பாக்க வேண்டாம்."

ரைசா போனை வாங்கினாள். சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து, திரையில் ரித்தீஷின் முகம் இருந்த இடத்தில் ஒட்டினாள். பிறகு பார்த்தாள்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இது நான் ரிஜெக்ட் பண்ணுன பீஸாச்சே."

"எது?"

"இந்தப் பச்சை. ட்ரையலுக்குப் போட்ட கலரு, ஒரே ஒரு பீஸ்தான் தெச்சோம். இந்தத் துணி தெச்சப்ப நேரா இருக்கும், துவைச்சா முறுக்கிக்கும், அனுப்பக் கூடாதுன்னு ரெண்டு வாரம் முன்னாடி ரிப்போர்ட் எழுதுனேன். ரித்தீஷ் தம்பி எல்லாரு முன்னாடியும் சிரிச்சாரு. 'முறுக்கு உங்க கண்ணுலதாங்க்கா இருக்குது, நான் போட்டே காட்டறேன்'னு எடுத்துட்டுப் போனாரு." அவள் விரல் தானாகவே படத்தின் அடிப்பக்கம் போனது. பன்னிரண்டு வருடப் பழக்கம் அது. "இங்க பாருங்க. பக்கத் தையல் இடுப்போரத்துல நேரா இறங்கோணும். இந்தப் பாலத்துப் படத்துல நேராத்தான் இருக்குது. இன்னும் துவைக்கல." ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். "வில்லூண்டி, நேரா இருக்குது. ராமர் பாதம், நேரா. சர்ச்சு, அதுவும் நேரா."

கடைசியாக, நாளின் முதல் படம் வந்தது. அரிச்சல் முனை, சூரிய உதயம். கழுத்து நேராக இருந்தது, நெஞ்சில் இருந்த எழுத்து நேராக இருந்தது. ஆனால் இடுப்போரத்தில் இருக்க வேண்டிய தையல் நடந்து நடந்து தொப்புள் பக்கம் வந்திருந்தது.

"இது துவைச்சது" என்றாள் ரைசா.

தமீம் தலையைச் சொறிந்தான். "சரீங்க்கா, துவைச்ச பனியனக் காலையில போட்டாரு. அதுல என்ன தப்பு?"

"தமீம், நீங்க பஸ்சுல கிழிச்சுக் குடுத்த டிக்கெட்டு சாயங்காலம் திரும்பவும் புஸ்தகத்துல ஒட்டிக்குமா?" என்று கேட்டாள் கிருத்திகா. அவள் கண்ணில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்திருந்தது. "காலையில முறுக்கிக்கிட்ட பனியன் சாயங்காலம் எப்படி நேராச்சு?"

"ஆகாதுங்க" என்றாள் ரைசா. "ஒருக்கா முறுக்குனா முறுக்குனதுதான். அயர்ன் பண்ணாலும் அந்தத் தையல் எடத்துக்கு வராது."

"அப்படீன்னா காலைக்கு முன்னாடியே சாயங்காலம் வந்திருக்குது. நாலு படம் சனிக்கிழமை எடுத்தது. ராத்திரி பனியனத் துவைக்கப் போட்டு, அதையே ஞாயிறு காலையில மாட்டிக்கிட்டு, ஒரே ஒரு படம் எடுத்துட்டு ஆளு கிளம்பிட்டான். ஏழு மணிக்குத் தீவ உட்டா மத்தியானம் ஒரு மணிக்குத் திருப்பூரு. பொறகால டிரைவர் சுரேஷ் ஒத்தைக்குக் கார ஓட்டிக்கிட்டு, ரித்தீஷோட போன்லயிருந்து நேரத்துக்கு ஒரு படமா ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கான்."

தமீம் மெல்ல விசில் அடித்தான். "காரு தீவைச் சுத்துச்சு. போனும் தீவைச் சுத்துச்சு. ஆளு மட்டும் சுத்தல. இவனுக்கு நான் டிக்கெட்டே குடுத்திருக்க மாட்டேன் மேடம்."

போகிற வழியில் ரித்தீஷ் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போன் போட்டார்கள். மேனேஜர் லிங்கசாமிக்கு ஞாபகம் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி ஒரு பச்சை பனியனை, விடிவதற்குள் காய்ந்திருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று துவைக்கக் கொடுத்தாராம்.

வியாழக்கிழமை காலை, பத்துக்கு ஐந்து நிமிடம். செங்கோட்டையனின் அறை மாடியில் இருந்தது, கண்ணாடி வழியாகக் கீழே தையல் ஹால் முழுக்கத் தெரியும். மேஜை மேல் தயாராக ஒரு தாள், அதன் மேல் ஒரு பேனா. ரித்தீஷ் அப்பாவுக்குப் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க ரைசாக்கா" என்றான். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல."

"போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகமுங்க" என்றாள் கிருத்திகா. "ராமேஸ்வரத்துல நீங்க போட்டிருந்த பனியன் ரொம்ப நல்லா இருந்துச்சு. கடையில கிடைக்குதுங்களா?"

ரித்தீஷ் முகம் மலர்ந்தது. "கிடைக்காதுங்க. நம்ம ட்ரையல் கலரு. உலகத்துலயே ஒரு பீஸ்தான், அது எங்கிட்டதான் இருக்குது."

"அன்னைக்குப் பூராவும் அதேதான் போட்டிருந்தீங்களா? மாத்தலையா?"

"மாத்தலீங்க. விடியக்கால மாட்டுனது, ஊட்டுக்கு வந்துதான் கழட்டுனேன். படத்துலயே தெரியுதே."

"தெரியுதுங்க" என்றாள் கிருத்திகா. முதல் படத்தையும் ஐந்தாவது படத்தையும் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் செங்கோட்டையன் முன்னால் வைத்தாள். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. "ஐயா, நீங்க இந்தத் தொழில்ல எத்தனை வருசமுங்க?"

"நாப்பத்தி ரெண்டு" என்றார் அவர். தோட்டம் தொரவை விட்டுவிட்டு இரண்டு மிஷினோடு ஆரம்பித்த மனிதர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் விரலும் ரைசாவின் விரல் போன இடத்துக்கே போனது. காலைப் படத்தின் தையலில் ஒரு முறை, மாலைப் படத்தின் தையலில் ஒரு முறை. பிறகு திரும்பக் காலைப் படத்துக்கு வந்தது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

"எந்த வண்டியில வந்தே?" என்று கேட்டார், மகனைப் பார்க்காமலே.

"என்னப்பா கேக்கறீங்க? நம்ம காருலதான்..."

"கண்ணு. எந்த வண்டியில வந்தே?"

ரித்தீஷின் கால் கீழே இறங்கியது.  "வாடகை டாக்ஸியில" என்றான் கடைசியில். "நானும் எத்தனை வருசந்தான் உங்க கீழயே இருக்கறதுங்கப்பா? அந்தச் சாம்பிள எல்லாம் கொடுத்தா எனக்குன்னு தனியா ஆர்டர் தர்றேன்னு வேற பையரோட ஏஜெண்ட் சொன்னாரு."

"பழிய எதுக்கு அந்தப் புள்ள மேல போட்டே?"

அதற்குப் பதில் ரைசாதான் சொன்னாள். "ரிப்போர்ட் எழுதுனதுக்குங்க. துவைச்சா முறுக்கும்னு சொன்னதுக்கு." அவள் ரித்தீஷைப் பார்த்தாள். நான்கு நாளில் அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான். "நான் சொன்னத நம்பியிருந்தீங்கன்னா வேற பனியன் போட்டுட்டுப் போயிருப்பீங்க தம்பி."

கைப்பையைத் திறந்து சுருளை எடுத்தாள். கையெழுத்துக்காகக் கோடு போட்டு விட்டிருந்த இடத்தில் சிவப்பு அம்பை ஒட்டி, தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

செங்கோட்டையன் தொண்டையைச் செருமினார். "ஏம்மா ரைசா, நடந்தது நடந்துபோச்சு. நாளையிலிருந்து வேலைக்கு வா. இத நம்ம ஊட்டு விசயமா இந்த ரூமுக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

ரைசா எழுந்து நின்றாள்.

"என்னையத் திருடின்னு சொன்னது இந்த ரூமுக்குள்ள இல்லீங்கய்யா. கீழ, எறநூறு பேரு முன்னாடி. இல்லைன்னு சொல்றதும் அங்கதான் சொல்லோணும். வேலைக்கு வாறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம் நான் யோசிக்கறேன்."

கிழவர் அவளையே பார்த்தார். பேரம் பேசியே வளர்ந்த கண்கள் அவை. எதிரே நிற்பவள் ஒரு பைசா இறங்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வேட்டியைச் சரி செய்துகொண்டு படியிறங்கினார். பின்னால் ரைசா, கிருத்திகா, தமீம் மூன்று பேரும் இறங்கினார்கள். ரித்தீஷ் இறங்கவில்லை.

முதலாளி ஹாலுக்கு நடுவில் வந்து நின்று கையைத் தூக்கியதும் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாட்டுப் போட்டிருந்த ஸ்பீக்கரை யாரோ அணைத்தார்கள். நூல் பிசிறு ஒட்டிய இருநூறு முகங்களும் நிமிர்ந்தன.

"ரைசா எதையும் எடுக்கல" என்றார் செங்கோட்டையன். "எடுத்தது எம்பையன். அந்தப் புள்ளையத் தப்பாச் சொன்னது எங்க தப்பு."

 தமீம் தன் காலரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு அம்பைத் தடவிக்கொண்டு கீழே பார்த்தான். கண் கலங்கியது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று பார்த்தான்.

ரைசா மட்டும் நிமிர்ந்து கடைசி வரிசை வரைக்கும் பார்த்தாள்.

"ஐயா, பின்னாடி ஓவர்லாக் மிஷின் லைனுக்குக் கேக்கலீங்க" என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் இன்னொரு முறை சொன்னார்.